சுவரைத் தாண்டி 60 மீட்டர்

எங்கள் தெரு ஒரு சுவரில் போய் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு லேஅவுட். என் மகளின் வகுப்புத் தோழி அங்கேதான் இருக்கிறாள். மொட்டைமாடியில் ஏறி நின்றால் அவர்கள் வீட்டுக் கொடியில் என்ன துணி காய்கிறது என்று சொல்லிவிடலாம். இரண்டு பிள்ளைகளும் மாடியில் நின்றபடியே கத்திப் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் வரைபடத்தில் அளந்து பார்த்தேன். வாசலுக்கு வாசல் நேர்கோட்டில் 60 மீட்டர். சாலை வழியாக 2.7 கிலோமீட்டர்.

நடந்தே போகலாமே என்று ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் தெரு முழுக்க நடக்க வேண்டும். அப்புறம் லேஅவுட்டின் நடுத்தெரு, வாட்ச்மேன் கூண்டு, மெயின் ரோடு. மெயின் ரோட்டில் நடைபாதை சில இடங்களில் இருக்கிறது. பல இடங்களில் அது மின்மாற்றிக்கும் மண்மேட்டுக்கும் இடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. லாரிகளை உரசாத குறையாக அதில் ஒரு கிலோமீட்டர். பிறகு அவர்கள் லேஅவுட்டின் வாயில், இன்னொரு வாட்ச்மேன், பெயர், ஃபோன் நம்பர், யாரைப் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்தால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் ஒரு தெரு. போய்ச் சேர 40 நிமிடம். சேர்ந்ததும் மகள் செய்த முதல் காரியம், அவர்கள் மாடிக்கு ஓடிப்போய் எங்கள் வீட்டைப் பார்த்துக் கையாட்டியதுதான்.

அதன் பிறகு வண்டியில்தான் கொண்டுபோய் விடுகிறேன். மெயின் ரோட்டு நெரிசலைத் திட்டிக்கொண்டே போவேன். அந்த நெரிசலில் ஒரு வண்டி என்னுடையது, அதுவும் 60 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்குப் போகிற வண்டி என்பது ரொம்ப நாள் எனக்கு உறைக்கவே இல்லை.

ஒன்றை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த வீட்டை வாங்கும்போது எனக்குப் பிடித்ததே அந்தச் சுவர்தான். கடைசித் தெரு, கடைசி வீட்டுக்கு முந்தைய வீடு. இந்தத் தெருவில் வேலை இல்லாத வண்டி எதுவும் உள்ளே வராது. பிள்ளைகள் தெருவிலேயே விளையாடலாம். விற்றவரும் அதைச் சொல்லித்தான் விற்றார். நானும் ஒன்றும் யோசிக்காமல் தலையாட்டினேன். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பெரிய நியாயவான் என்று நினைத்துவிட வேண்டாம்.

தமிழில் இந்த மாதிரித் தெருவுக்கு அருமையான சொல் இருக்கிறது: முட்டுச்சந்து. சந்து என்ற சொல்லுக்குள் ‘சந்தி’ ஒளிந்திருக்கிறது. முச்சந்தி, நாற்சந்தி எல்லாம் அதே குடும்பம்தான். அப்படிப் பார்த்தால் முட்டுச்சந்து என்பது எதையும் சந்திக்காத சந்து. பேச்சில்கூட, ஒரு விஷயம் மேலே நகராமல் நின்றுவிட்டால் ‘முட்டுச்சந்தில் நிற்கிறது’ என்கிறோம். அதையே வீடு வாங்கும்போது கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறோம்.

நகரம் பரந்து விரிவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தையும் நெருக்கத்தையும் பற்றியே பேசுவார்கள். ஊர் எத்தனை கிலோமீட்டர் நீண்டுவிட்டது, ஒரு ஏக்கரில் எத்தனை வீடு, எத்தனை மாடி. எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. சுவரை அளந்த அன்றைக்குத்தான் வேறொன்று பிடிபட்டது. நானும் அந்தத் தோழி வீட்டாரும் ஊரின் ஓரத்தில் இருக்கிறோம், சரி. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவே ஊர் துளியும் விரியவில்லை. விரிந்ததெல்லாம் வழி. தெருக்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது, அவை எவ்வளவு நீளம் என்பதைவிட அதிகமாக ஒரு ஊரின் தூரத்தைத் தீர்மானிக்கிறது.

இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கட்டம் கட்டமாகத் தெருக்கள் உள்ள ஒரு பகுதி. நீங்கள் ஒரு மூலையில் நிற்கிறீர்கள். போக வேண்டிய வீடு கிழக்கே 3 தெரு, வடக்கே 3 தெரு தள்ளி இருக்கிறது. சுற்றாமல் வளைக்காமல் அங்கே போக எத்தனை வழி? 20. இருபதும் ஒரே நீளம். ஒரு தெருவைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தால், ஒரு தெருவில் மரம் விழுந்திருந்தால், ஒரு தெருவில் நாய்த்தொல்லை என்றால், அடுத்ததில் புகுந்து போய்விடலாம். 4-க்கு 4 என்றால் 70 வழி. இப்போது அதே வீடுகளை மரக்கிளை மாதிரி அமைத்துப் பாருங்கள்: ஒரு அடிமரம், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து குச்சி, குச்சியின் நுனியில் வீடு. எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே ஒரு வழிதான். அடிமரத்தில் தோண்டினால் எல்லோருக்கும் வழி அடைபடும்.

கட்டத்தெருவும் பறவை பறக்கிற மாதிரி நேராகப் போய்விடாது. மூலைக்கு மூலை போகிறவர் அதிகபட்சம் 41 சதவீதம் கூடுதலாக நடப்பார். எல்லாத் திசைக்கும் சராசரி எடுத்தால் 27 சதவீதம். பள்ளிக்கூட வடிவியல்தான், பெரிய வித்தை இல்லை. எங்கள் சுவர் விஷயத்தில் கூடுதல் சதவீதம் என்று பேசுவதே அபத்தம். 60 மீட்டருக்கு 2,700 மீட்டர், 45 மடங்கு.

தெருக்களை இப்படிப் புள்ளியும் கோடுமாகப் பார்ப்பது புதிதல்ல. ஓர் ஊரின் 7 பாலங்களையும் ஒரு தடவைக்கு மேல் மிதிக்காமல் கடந்து வர முடியுமா என்ற புதிரை 1736-ல் கணித மேதை ஆய்லர் அவிழ்க்கப்போய்தான் கணிதத்தில் ஒரு கிளையே முளைத்தது. ஊர் கோனிக்ஸ்பெர்க். விடை, முடியாது. இன்று நகரத் திட்டமிடுகிறவர்கள் அதே முறையில் சந்திகளையும் முட்டுகளையும் புள்ளிகளாக எண்ணுகிறார்கள், இடையிலுள்ள தெருத்துண்டுகளைக் கோடுகளாக எண்ணுகிறார்கள், கோட்டைப் புள்ளியால் வகுக்கிறார்கள். மரம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் அதில் கோடுகள் புள்ளிகளைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். கட்ட வலை விரிய விரிய, புள்ளிக்கு இரண்டு கோடு என்ற கணக்கை நெருங்கும். அமெரிக்காவில் சில ஊர்களின் விதிகள் புதிய குடியிருப்புகளுக்குக் குறைந்தது 1.4 என்று கேட்கின்றன. எங்கள் லேஅவுட்டை ஒரு மாலை உட்கார்ந்து எண்ணினேன். 23 புள்ளி, 22 கோடு. அசல் மரம்.

யார் இதை இப்படி வரைந்தார்கள் என்று எனக்கு ஒரு ஆர்வம். மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒருவர் பழக்கம். எங்கள் லேஅவுட் அவர் போட்டதல்ல, ஆனால் அதே மாதிரி நிறையப் போட்டவர். அவரிடம் கேட்டேன், தெருவை ஏன் சுவரில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்று. சிரித்துவிட்டார். “பக்கத்து நிலம் வேற ஆளோடது சார். அவர் என்னைக்கு விப்பாரு, யாருக்கு விப்பாரு, அங்க என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? எங்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எத்தனை மனை தேறும்? தெருவை அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்தா ஒரு மனை போச்சு.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கட்டமாகத் தெரு போட்டால் சாலைக்கு அதிக நிலம் போகும். நகரத் தெருக்களுக்கு நிலத்தில் குறைந்தது 30 சதவீதம் ஒதுக்க வேண்டும், ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டர் நீளத்துக்காவது தெரு இருக்க வேண்டும் என்று ஐ.நா. குடியிருப்பு அமைப்பு பரிந்துரைக்கிறது. 18 என்றால் ஒவ்வொரு திசையிலும் 9 தெரு. கிட்டத்தட்ட 110 மீட்டருக்கு ஒன்று. மனை விற்கிறவர் காதில் இதைப் போட்டால் அவர் காதைப் பொத்திக்கொள்வார். 10 ஏக்கர், 15 ஏக்கராக நிலம் கைமாறுகிறது. ஒவ்வொரு துண்டையும் ஒருவர் தனக்கு நல்லபடியாக வரைந்துகொள்கிறார். மெயின் ரோட்டைத் தொடும் வாசல் ஒன்று இருந்தால் அனுமதிக்குப் போதும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையிலுள்ள தையல் யாருடைய வேலையும் இல்லை. வளரும் நகரத்தின் ஓரத்தில் 20 ஆண்டு இப்படியே போனால், ஒரே மெயின் ரோட்டில் சீப்பின் பற்கள் மாதிரி 50 லேஅவுட் தொங்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் தெருக்கள் அமைதியாகவும் மரநிழலோடும் இருக்கும். எல்லோருடைய வண்டியும் வந்து கொட்டுவது அந்த ஒரே சாலையில்தான். அப்புறம் அதை ஆறு வழியாக அகலப்படுத்துவார்கள். அகலமானதும் அதைக் குறுக்கே கடப்பது இன்னும் கஷ்டமாகும்.

பேருந்தும் இதனால்தான் உள்ளே வருவதில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருந்தால்தான் பேருந்துக்குக் கட்டுப்படியாகும். முட்டுச்சந்துக்குள் வந்து திரும்பி அதே வழியில் போவதென்றால், பயணிகளில் பாதிப் பேரை வேண்டாத சுற்றில் உட்காரவைக்க வேண்டும். ஆகவே நிறுத்தம் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். நிறுத்தத்துக்கு 400 மீட்டர் வரை மக்கள் யோசிக்காமல் நடப்பார்கள் என்று திட்டமிடுபவர்கள் பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 400 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போட்டால், கட்டத்தெரு ஊரில் அந்த வட்டத்தின் 64 சதவீதப் பரப்பை 400 மீட்டர் நடையில் எட்டிவிடலாம். எங்கள் வீட்டிலிருந்து 400 மீட்டர் நடந்தால் வாட்ச்மேன் கூண்டு வரும்.

வழியில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. தண்ணீர்க் குழாய் தெருவைப் பின்தொடர்ந்துதான் போகும். தெரு முட்டினால் குழாயும் முட்டும். முட்டுக்குழாயில் தண்ணீர் இரு பக்கமும் ஓட வழியில்லாமல் தேங்கி நிற்கும், அதில் கலந்த குளோரின் வீரியம் இழக்கும், வண்டல் படியும். வலையாக இணைந்த குழாயில் ஒரு இடம் உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மூடிவிட்டு மற்றவர்களுக்கு வேறு பக்கத்திலிருந்து தண்ணீர் கொடுக்கலாம். கடைசி வீடுகளுக்குக் காலையில் முதலில் வரும் தண்ணீர் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று எங்கள் தெருவில் பல வருடம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பைப்பைக் குறை சொன்னார்கள், டேங்கைக் குறை சொன்னார்கள். சுவரை யாரும் குறை சொல்லவில்லை.

முட்டுச்சந்து எப்படி இவ்வளவு மரியாதை பெற்றது என்று தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் பழைய விதிகள் இப்படிப்பட்ட அடைபட்ட தெருக்களைத் தடுத்தே வைத்திருந்தன. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசல் குடியிருப்புகளின் நினைவு அப்போது பசுமையாக இருந்தது. லண்டனை ஒட்டி ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரைக் கட்டியபோது, அந்த விதியிலிருந்து விலக்குப் பெற 1906-ல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. அதன்பின் 1929-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ராட்பர்ன். கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்ற இருவர் வரைந்தது. கார் பெருகிவரும் காலம். பிள்ளைகள் அடிபட்டுச் சாகிறார்கள். அவர்கள் ஒரு யோசனை செய்தார்கள். கார் வரும் தெருக்களை முட்டுச்சந்தாக்கிவிடுவது. வீடுகளின் மறுபக்கத்தில் நடப்பவர்களுக்கென்று தனிப்பாதை, அது பூங்காவோடு சேரும், சாலையைக் கடக்க அடியில் சுரங்கவழி, பிள்ளைகள் ஒரு காரைக்கூடக் குறுக்கிடாமல் பள்ளிக்குப் போய்விடலாம். காருக்கு மரம், காலுக்கு வலை. பொருளாதாரப் பெருமந்தம் வந்து ராட்பர்ன் பாதியில் நின்றது.

நகலெடுத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். அது விற்கும், இது விற்காது. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக்கடன்களுக்கு உத்தரவாதம் கொடுக்கத் தொடங்கியது. கூடவே வழிகாட்டிப் புத்தகங்களும் போட்டது. கட்டத்தெருப் படத்துக்கு அடியில் ‘மோசம்’, வளைந்து முடியும் தெருப் படத்துக்கு அடியில் ‘நல்லது’ என்று அச்சிட்டிருந்தது. கடன் உத்தரவாதம் தருகிற ஆள் ‘மோசம்’ என்று சொன்னதை எந்த பில்டர் கட்டுவார்? அறிவுரை என்று பெயர், நடைமுறையில் சட்டம்.

இதை உலகம் முழுக்க அளந்தும் பார்த்துவிட்டார்கள். கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள், ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் செயற்கைக்கோள் தரவுகளையும் வைத்து, வரைபடத்தில் ஏறிய ஒவ்வொரு சந்தியையும் தெருத்துண்டையும் கணக்கில் எடுத்தார்கள். 2020-ல் வெளியான முடிவு: மக்கள்தொகை அதிகமுள்ள 134 நாடுகளில் 90 சதவீத நாடுகளில், 1975-க்குப் பின் புதிதாக வந்த பகுதிகளின் தெருக்கள் முன்பைவிட இணைப்புக் குறைந்தவை. 2000-க்குப் பிறகு நிலைமை தேறிவருவது 29 சதவீத நாடுகளில் மட்டும். சுற்றி வளைத்துப் போகவைக்கும், வாயில் வைத்த குடியிருப்புகளின் பாணித் தெருக்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டன. இந்தப் பழக்கத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்த அமெரிக்காவில் அது 1990-களின் நடுவில் உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அதே இருவர் 2015-லேயே எழுதியிருந்தார்கள். அவர்கள் கழற்றிப்போட்ட சட்டையை மற்றவர்கள் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் என்னைத் தைத்தது வேறொரு வரி. தொடக்கத்தில் இணைப்புக் குறைவாக இருந்த ஊர்கள் பின்னாலும் அப்படியே தொடர்கின்றன. இதற்கு லண்டனைவிட நல்ல சாட்சி கிடையாது. 1666 தீயில் ஊரின் மையம் அழிந்தது. சாம்பல் ஆறும் முன்பே கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் நேர்நேரான அகலச் சாலைகளோடு புதுத் திட்டம் வரைந்து அரசரிடம் கொடுத்தார். இன்னும் சிலரும் கொடுத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. வீடு எரிந்தாலும் மனை யாருடையது என்பது எரியவில்லை. அவரவர் பழைய எல்லையில் கட்டினார்கள், சில தெருக்கள் அகலமாயின, அவ்வளவுதான். வீட்டை இடிக்கலாம், சட்டத்தை மாற்றலாம், ஆட்சியே மாறலாம். தெருவின் கோடு மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், காரணம் அதன் இரு பக்கமும் ஆயிரம் பேருடைய பத்திரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அப்படியென்றால் தெருவைச் சேர்க்க மலிவான நேரம் ஒன்றே ஒன்றுதான்: முதல் வீடு வருவதற்கு முன். நியூயார்க் அதைத்தான் செய்தது. 1811-ல் மூன்று ஆணையர்கள் மன்ஹாட்டன் தீவில் 155-வது தெரு வரைக்கும் கோடு போட்டார்கள். அப்போது ஊர் தீவின் தென்கோடியில் மட்டும்தான். மற்றதெல்லாம் தோட்டம், பாறை, சதுப்பு. சீனாவுக்கு இந்தப் பக்கம் எந்த ஊரிலும் இல்லாத அளவு ஜனத்துக்கு நாங்கள் இடம் ஒதுக்கியிருப்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம் என்று அறிக்கையில் அவர்களே எழுதினார்கள். நிலத்தை அளக்கப் போன ஜான் ராண்டல் மீது அத்துமீறி நுழைந்ததாக வழக்குகள், கைதும் ஆனார். அந்தத் திட்டத்தை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. குன்றுகளையெல்லாம் தட்டையாக்கிய திட்டம் அது. பூங்காவைப் பற்றி யோசித்ததும் குறைவு. ஆனால் சந்திகள் முதலில் வந்தன, வீடுகள் பிறகு வந்தன. என்ன வகை வீடு என்பதைப் பின்னால் வந்தவர்கள் நாலு தடவை மாற்றிக்கொண்டார்கள். பார்சிலோனாவுக்கு இல்டெஃபோன்ஸ் செர்தா 1859-ல் வரைந்ததும் இதே வகைதான், மூலைகளைச் செதுக்கிய 113 மீட்டர் கட்டங்கள்.

இன்றைக்கு இவ்வளவு பெரிதாக ஆசைப்பட வேண்டியதில்லை என்கிறார் ஷ்லோமோ ஏஞ்சல். நகரங்கள் விரிவதை உலகளவில் அளந்து வருபவர் அவர். ஊர் இனி போகப்போகும் பக்கத்தில், கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் பெரிய சாலைகளுக்கான பட்டையை மட்டும் இப்போதே கையகப்படுத்திவையுங்கள் என்பது அவர் வாதம். சாலையைப் போடவே வேண்டாம், இடம் இருந்தால் போதும். 30 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டேன்: இரண்டு திசையிலும் சேர்த்து ஒரு சதுரக் கிலோமீட்டரில் 6 சதவீத நிலம்கூட ஆகவில்லை. நடுவில் சின்னத் தெருக்களை வேண்டியபடி வளைத்துக்கொள்ளட்டும், எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் நேர்கோட்டில் அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு பெரிய சாலை இருக்கும். எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் சில நகரங்களோடு சேர்ந்து அவர் குழு இதைச் செய்து பார்த்திருக்கிறது.

நிலத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி வரும். அதற்கும் பழைய விடை ஒன்று உண்டு. ஃபிராங்ஃபர்ட் மேயர் ஃபிரான்ஸ் ஆடிக்கெஸ் பெயரில் 1902-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பகுதியின் கோணல்மாணலான நிலங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கும் பொது இடத்துக்கும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான மனைகளாக அவரவருக்கே திருப்பிக் கொடுப்பது. நிலம் கொஞ்சம் குறையும், மதிப்பு கூடும். ஜப்பானின் நகரங்கள் இந்த வழியில் ஏராளமான நிலத்தைச் சீர்படுத்தியிருக்கின்றன. மந்திரம் இல்லை, எல்லோரையும் ஒரு மேசையில் உட்காரவைக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அது பெரிய ‘அவ்வளவுதான்’.

இந்த இடத்தில் என் பழைய நான் குறுக்கிடுவான். எல்லாச் சுவரையும் உடைத்தால் மெயின் ரோட்டு வண்டியெல்லாம் என் தெருவில் புகுந்துவிடாதா? புகும். இதைச் சும்மா பயம் என்று தள்ளிவிட முடியாது. வழிகாட்டும் செயலி ஒன்று போதும், அமைதியான தெருவை ஒரே வாரத்தில் குறுக்குவழியாக்கிவிட. இதற்கு நெதர்லாந்துக்காரர்கள் சொன்ன பதில்தான் எனக்கு ஒத்துவருகிறது. குரோனிங்கன் நகரம் 1977-ல் தன் மையத்தை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் காரில் போக வேண்டுமென்றால் வெளியே போய் வட்டச்சாலையைப் பிடித்துத்தான் வர வேண்டும். சைக்கிளிலும் நடந்தும் நேராகப் போகலாம். ஹௌடன் என்ற ஊரைக் கட்டியதே இந்த யோசனையில்தான். ராட்பர்னில் ஆரம்பித்து வழியில் தொலைந்துபோன பாதி அங்கே கிடைத்துவிட்டது. ஒரு சுவரில் ஒரு மீட்டர் அகலத்துக்கு இடைவெளி, நடுவில் ஒரு கல்தூண். கார் வராது, பாட்டி வருவார்.

பாட்டி என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் சுவரில் ஒரு காலத்தில் பொந்து இருந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. முதலில் ஒரு செங்கல் போயிருக்கும், அப்புறம் நாலு. நாங்கள் குடிவந்தபோது ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு ஆகியிருந்தது. கை ஊன்றி ஊன்றி அடிச்செங்கல் வழவழப்பாகி, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்கும். இந்தப் பக்கம் படிக்கு ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல். வீட்டுவேலைக்கு வருகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள், அப்புறம் ஒரு பாட்டி. அவர் முதலில் பையை அந்தப் பக்கம் இறக்குவார், அப்புறம் செருப்பைக் கழற்றிப் போடுவார், அப்புறம்தான் தான் நுழைவார். தினமும் அதே வரிசை.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் லேஅவுட்டில் இரண்டு சைக்கிள் திருடு போனது. குடியிருப்போர் சங்கத்தில் பொந்தின் மீது பழி விழுந்தது. முட்டுச்சந்துகளில் திருட்டுக் குறைவு என்று சொல்லும் ஆய்வுகள் இருப்பது உண்மைதான். ஆனால் சைக்கிள் எந்த வழியாகப் போனது என்று அன்றைக்கு யாரும் விசாரிக்கவில்லை. மூடச் சொல்லி எழுதிய காகிதம் சுற்றுக்கு வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். பேனாகூட என்னுடையதுதான். சிமென்ட் பூசி, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தார்கள்.

இந்த வருடம் மகளுக்கு அந்தத் தோழி கிடைத்த பிறகு, சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து, நடந்துபோகிறவர்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு கதவு வைக்கலாமா என்று கேட்டேன். யாரும் எதிர்க்கவில்லை, அதுதான் ஆச்சரியம். சாவி யாரிடம் இருப்பது என்றுதான் கேட்டார்கள். எங்களிடமா, அந்த லேஅவுட்காரர்களிடமா? ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுவது? அவர்கள் வாட்ச்மேனா, நம் வாட்ச்மேனா? இரண்டு கூட்டம் சாவியிலேயே கழிந்தது. மூன்றாவது கூட்டத்தில் தண்ணீர் கலங்கலாக வருவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு நாள் சுவரடியில் பார்த்தேன். படிக்கல் பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தது, மேலே இன்னொரு கல்லும் சேர்ந்திருந்தது. கண்ணாடிச் சில்லின் மேல் யாரோ ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். பாட்டியால் இனி அதில் ஏற முடியாது. அவரைப் பார்த்து நாளாயிற்று. மற்றவர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். போன மாத மழையில் அந்தச் சாக்கு நைந்து, சில்லு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. வீட்டில் தேடினேன். கனமான சாக்கு ஒன்று கிடைத்தது. இருட்டிய பிறகு கொண்டுபோய் மாற்றிப் போட்டுவிட்டு வந்தேன்.